துருப்பிடித்த பிரேக் லைன்: முழுசாக மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா?

பழைய வண்டியின் அடியில் ஓடும் இரும்பு பிரேக் லைன் (மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) துருவேறி ஓரிடத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது; வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். உடனே எழும் கேள்வி, எந்த உலோகக் குழாய் நல்லது என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இந்த வேலையில் எத்தனை ஃப்ளேர், அதாவது குழாய் முனையில் விரிப்பு, போட வேண்டிவரும்? அவற்றில் எத்தனையை மேசையில் வைத்துப் போடலாம், எத்தனையை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் போட வேண்டும்?

புதுக் குழாய் எதுவானாலும் நடுவில் கசிவதில்லை, முனையில்தான் கசியும். குழாயின் வாயை விரித்து மடித்து, நட்டைக் கொண்டு அதை சீட்டின் (எதிரே அது போய் உட்காரும் உலோகத் தளம்) மேல் அழுத்திப் பிடிக்கும் இடம்தான் ஃப்ளேர். அங்கே வாஷர் கிடையாது, ரப்பர் கிடையாது, டேப் சுற்றவும் கூடாது. உலோகத்தின் மேல் உலோகம் அழுந்தி அடைத்துக்கொள்கிறது, அவ்வளவே. டயருக்குள் இருக்கும் காற்று 2 பார் சொச்சம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் லைனுக்குள் 70, 100 பார் வரை ஏறும். அந்த அழுத்தத்துக்கு முனை நிற்குமா என்பதை வைத்துத்தான் மற்ற முடிவுகளை எடுக்க வேண்டும்.

மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை என்று கசியும் லைனோடு ஓட்டுபவர்கள் உண்டு. அது வேண்டாம். 1960களின் கடைசியிலிருந்து வந்த கார்களில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி சர்க்யூட், அதாவது ஆயில் பாதை, இருக்கும். ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும், அதுவும் பெடல் வெகுதூரம் இறங்கிய பிறகு. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஒரே சர்க்யூட்தான். எங்கே பிளந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே பிரேக் போய்விடும். வண்டி நிற்கும் இடத்திலேயே வேலையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஃப்ளேர் கணக்கு

வழிகள் நான்கு. முதல் வழி, உங்கள் மாடலுக்கென்றே வளைத்து, இரு முனையிலும் ஃப்ளேரும் நட்டும் போட்டு வரும் ஆயத்த லைன். நீங்கள் போட வேண்டிய ஃப்ளேர் ஒன்றுகூட இல்லை. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டு. பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே லைனைப் பொருத்திவிட்டுத்தான் அதன்மேல் பெட்ரோல் டேங்கையும் பின் ஆக்சிலையும் ஏற்றுகிறார்கள். வளைவுகளோடு வரும் முழு லைனை அதே பாதையில் நுழைக்க டேங்கை இறக்க வேண்டியிருக்கும். முன் சக்கரத்துக்குப் போகும் குட்டையான லைனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, ஃப்ளேர் போட்டு நேராக வரும் குழாய்த் துண்டுகள். பல நீளத்தில் கிடைக்கும். கையால் வளைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டிய நீளம் அப்படியே கிடைப்பது அபூர்வம். கொஞ்சம் நீளமானதை எடுத்து, மிச்சத்தை எங்காவது ஒரு வளைவில் ஒளித்துவிட வேண்டிவரும். அந்த வளைவைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். மேல்நோக்கிய திமில் மாதிரி விட்டால் அதன் உச்சியில் காற்று தங்கி, பின்னால் ஏர் எடுக்கும்போது (லைனிலிருந்து காற்றை வெளியேற்றும்போது) உயிரை வாங்கும்.

மூன்றாவது, சுருளாக வரும் குழாயை வாங்கி அளந்து வெட்டி நீங்களே செய்வது. லைன் ஒன்றுக்கு இரண்டு ஃப்ளேர். இரண்டுமே புது உலோகத்தில், பெரும்பாலும் மேசையில் வைத்தே போடலாம். இடுக்கில் நுழைக்க வேண்டிய லைனில் மட்டும் ஒரு முனையைக் கடைசியில், வண்டியிலேயே போட வேண்டியிருக்கும்.

நான்காவது ஒட்டு: துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டை யூனியன் (இரண்டு குழாய் முனைகளை இணைக்கும் உலோகத் துண்டு) வைத்துச் சேர்ப்பது. வேலை குறைச்சல் மாதிரி தெரியும். எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு துண்டை மாற்றினால் இரண்டு யூனியன், நான்கு ஃப்ளேர். அதில் இரண்டைப் பழைய குழாயில், வண்டிக்கு அடியில், கண்ணில் துரு கொட்டக் கொட்டப் போட வேண்டும். முழு லைனுக்கு இரண்டு, பாதி லைனுக்கு நான்கு!

துரு வெளியே தெரிவது ஓரிடத்தில்தான். கிளிப்புகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் அது எதுவரை போயிருக்கிறது என்று புரியும். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் சேறும் ஈரமும் தேங்கும். மேல்பூச்சு அங்கேதான் முதலில் போகும். பின் ஆக்சில் மேலேயும், டேங்குக்கு மேலே கை போகாத இடத்திலும் இதே கதைதான். சந்தேகமுள்ள இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பான உலோகம் வந்தால் சரி. குழிகுழியாகத் தெரிந்தால் அந்தக் குழாயில் ஃப்ளேர் நிற்காது. விரிக்கும்போதே கீறும், அல்லது மயிரிழை விரிசலோடு நின்று, நாலு நாள் கழித்துக் கசியும்.

ஒட்டுக்கு நான் சம்மதிக்கும் சந்தர்ப்பம் ஒன்றுதான். சக்கரத்துப் பக்கக் கடைசிப் பகுதி மட்டும் போயிருக்க வேண்டும், மீதிக் குழாய் தொழிற்சாலைப் பூச்சோடு அப்படியே இருக்க வேண்டும், வெட்டும் இடம் நேராகவும் கருவிக்கு எட்டுகிற மாதிரியும் இருக்க வேண்டும். அப்போதும் யூனியன் வைத்து, இருபக்கமும் முறையாக ஃப்ளேர் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போல வளையத்தை நெருக்கி இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கை பிரேக் லைனில் வைக்கவே கூடாது. அந்த வளையம் குழாயை உராய்வால்தான் பிடித்திருக்கிறது. அழுத்தமும் அதிர்வும் சேர்ந்து ஒருநாள் குழாயை வெளியே தள்ளிவிடும். ரப்பர் குழாயை மாட்டிக் கிளிப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்தக் குழாய்

பழைய லைன் சாதா இரும்புக் குழாய் அல்ல. தாமிரம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் அந்தத் தாமிரத்தை உருக்கிப் பற்றவைத்தது. அதன்மேல் துத்தநாகமோ, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பூச்சோ இருக்கும். வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம், சுவர் 0.7 மி.மீ. அளவுதான். அந்த 0.7 மி.மீ.யில் துரு பாதியைத் தின்றுவிட்டால் மீதி என்ன இருக்கும்!

அதே எஃகுக் குழாயைப் பூச்சோடு வாங்கிப் போடலாம். வலுவானது, விறைப்பானது, கல் தெறித்தாலும் சட்டென்று நசுங்காது. சேஸிஸை ஒட்டி நேராக ஓடும் நீண்ட லைனில் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் சுருளாக வரும் எஃகைக் கையால் நேராக்குவது பெரும்பாடு. வளைக்க பெண்டர் வேண்டும், ஃப்ளேர் போட நல்ல கருவி வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு இருந்தால், கருவி கவ்வும் இடத்தில் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் பிடி நழுவும். ஆயத்த லைனாகக் கிடைத்தால் எஃகு முதல்தரம். வீட்டில் வெட்டிச் செய்வதற்கு அது என் முதல் தேர்வு இல்லை.

என் முதல் தேர்வு தாமிர-நிக்கல். கிட்டத்தட்ட 90 சதவீதம் தாமிரம், 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பு சேர்ந்த கலவை. கடல்நீர்க் குழாய்களுக்குப் பயன்படும் உலோகம், ஆகவே பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் இதை ஒன்றும் செய்வதில்லை. வால்வோ 1970களிலேயே தன் கார்களில் பிரேக் லைனுக்கு இதைப் போட ஆரம்பித்தது. கையாலேயே வளையும், கொஞ்சம் தவறாக வளைத்தால் நிமிர்த்தித் திருத்தலாம். முக்கியமாக, ஃப்ளேர் அழகாக விழும். சீட்டில் உட்கார்ந்ததும் அதற்கேற்ற மாதிரி அழுந்தி அடைத்துக்கொள்ளும். குறையும் உண்டு. மென்மையானது என்பதால் தொங்க விடக் கூடாது. ஓர் அடிக்கு ஒரு கிளிப் என்று வைத்துக் கட்டுங்கள், எங்கும் உலோக விளிம்பில் உரசவிடாதீர்கள். குழாய் துருப்பிடிக்காது என்றாலும் அதன் இரும்பு நட்டு துருப்பிடிக்கும். இறுக்கி முடித்த பிறகு நட்டின்மேல் மெழுகு மாதிரியான துருத்தடுப்புப் பூச்சு ஒன்றை அடித்துவிடுங்கள்.

சுத்தமான தாமிரக் குழாய் பார்க்க இதே போலத்தான் இருக்கும், நிறம் மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கும். வளைப்பதும் இன்னும் எளிது. ஆனால் அதிர்வில் தாமிரம் நாளடைவில் இறுகி நொய்ந்துபோகும். பிரேக்குக்கென்று விற்கும் தாமிரக் குழாய் சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது, சில இடங்களில் வண்டிச் சோதனையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தாமிர-நிக்கல் கிடைக்கும்போது இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கான தாமிரக் குழாயை இதற்குப் போடுவது சுத்தமாகக் கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? துருப் பயமே இல்லை, பளபளவென்று இருக்கும். வீட்டில் செய்வதற்கு இதைவிடக் கடினமான குழாய் கிடையாது. சாதாரணக் கருவியில் 45 பாகை இரட்டை ஃப்ளேர் போட்டால் பெரும்பாலும் விரிசல் விடும், அல்லது கருவி தோற்கும். அதனால்தான் பந்தய வண்டிக்காரர்கள் 37 பாகை ஒற்றை ஃப்ளேரும் அதற்கான தனி நட்டும் ஸ்லீவும் போடுகிறார்கள். உலோகம் இறுக்கமானது என்பதால் ஆயத்த லைன்கூட முதல் இறுக்கலில் லேசாகக் கசியும். இரண்டு மூன்று முறை தளர்த்தி இறுக்கினால்தான் சீட்டில் படியும். காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு ஆயத்தமாக வாங்கிப் போடலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஃப்ளேரும் மரையும்

ஃப்ளேரில் இரண்டு வகைதான் அதிகம் புழங்குகின்றன. 45 பாகை இரட்டை ஃப்ளேர்: குழாயின் வாய் உள்ளே மடிந்து புனல் போல இருக்கும். குமிழ் ஃப்ளேர்: முனை வெளியே உப்பி, காளான் தலை போல நிற்கும். பழைய அமெரிக்க, ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் முதல் வகை. ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவது. ஊகிக்க வேண்டாம், கழற்றிய பழைய முனையைப் பார்த்தாலே தெரியும். ஒன்றின் சீட்டில் மற்றதை இறுக்கினால் முதலில் பிடித்த மாதிரி இருந்து பிறகு கசியும், சீட்டும் பாழாகும். நட்டும் வேறு. குமிழ் ஃப்ளேருக்கான நட்டின் நுனியில் மரை இல்லாத ஒரு கழுத்து இருக்கும். இரட்டை ஃப்ளேர் நட்டில் மரை நுனிவரை போகும்.

மரையில்தான் அனுபவஸ்தர்களும் சறுக்குவார்கள். எம்10 × 1 மெட்ரிக் நட்டும், அங்குலத்துக்கு 24 மரை உள்ள 3/8 அங்குல நட்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றின் விட்டம் 10 மி.மீ., மற்றது 9.5 மி.மீ. சொச்சம், மரை இடைவெளி 1 மி.மீ.யும் 1.06 மி.மீ.யும். அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் லொடலொடவென்று இறங்கும், இறுக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் மரை போனால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். புது நட்டைக் கையால் மட்டும் நாலைந்து சுற்று இறக்கிப் பாருங்கள்: ஆட்டமும் இருக்கக் கூடாது, முரண்டும் பிடிக்கக் கூடாது.

ஃப்ளேர் கருவியிலும் தேர்வு இருக்கிறது. மலிவாகக் கிடைப்பது, இரண்டு பட்டைகள் குழாயைக் கவ்வ, மேலே நுகம் போன்ற சட்டத்தில் திருகு இறங்கும் வகை. தாமிர-நிக்கலுக்கு அது போதும், பொறுமை இருந்தால். எஃகில் அதன் பிடி நழுவும், ஃப்ளேர் ஒரு பக்கம் சாயும். ஹைட்ராலிக் கைக்கருவி எஃகையும் ஒழுங்காக விரிக்கும், வண்டிக்கு அடியிலும் கையாளலாம். வாழ்நாளில் ஒருமுறை செய்யப்போகும் வேலைக்கு அதை விலை கொடுத்து வாங்குவதைவிட இரவல் வாங்குவது மேல். கருவி இல்லை, இரவலும் கிடைக்காது என்றால் ஆயத்த லைன், அல்லது ஃப்ளேர் போட்ட துண்டுகள். அங்கேயே தேர்வு முடிந்துவிடும்.

ஃப்ளேர் போடும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் தப்பு எல்லாம் இங்கேதான் நடக்கும். குழாயை ரம்பத்தால் அறுக்காதீர்கள். உருளும் கட்டரைச் சுற்றிச் சுற்றி, சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கி வெட்டுங்கள். வாய் செங்குத்தாக இருக்க வேண்டும். உள்விளிம்பில் சுருண்டு நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுத்து, வெளிவிளிம்பை அரத்தால் லேசாகச் சரித்து, குழாயை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சக்கரத்துப் பக்கம் கல்லடிக்குக் காப்பாகச் சுருள்கம்பி சுற்றியிருந்தால் அதைப் பழைய குழாயிலிருந்து கழற்றி முதலில் புதுக் குழாயில் நுழைத்துவிடுங்கள். அப்புறம் நட்டு, முகம் சரியான பக்கம் பார்த்தபடி. ஃப்ளேர் போட்ட பிறகு நட்டு உள்ளே போகாது. குழாய் கவ்வியிலிருந்து வெளியே நீள வேண்டிய அளவு, கருவியோடு வரும் சிறு அச்சுக்கட்டையில் உள்ள படியின் உயரம். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. அச்சில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு அழுத்துங்கள், முனை உப்பும். இரட்டை ஃப்ளேர் என்றால் அச்சை எடுத்துவிட்டுக் கூம்பால் மறுபடி அழுத்த, உப்பிய வாய் உள்ளே மடியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: துளை நடுவில் இருக்கிறதா, விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமா, விரிசல் உண்டா. சந்தேகம் இருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி போடுங்கள். அதற்காகத்தான் குழாயைக் கொஞ்சம் நீளமாகவே வெட்ட வேண்டும்.

கழற்றும்போது தெரிந்துவிடும்

வீட்டில் செய்யலாமா, பட்டறைக்கு விடலாமா என்பதைப் பெரும்பாலும் பழைய நட்டுகளே சொல்லிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டு, முந்தின நாளே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். திறப்பதற்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான். சாதா ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் கவ்வி நட்டை மழுக்கிவிடும். எப்படியும் மாற்றப்போகும் லைன் என்பதால், குழாயை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறுபக்க சாக்கெட்டை ஏற்றித் திருகுவது எல்லாவற்றிலும் நல்ல வழி. ஆனால் எதிரே ரப்பர் ஹோஸ் இருந்து, நட்டு அதையும் சேர்த்துத் திருக ஆரம்பித்தால் ஹோஸையும் மாற்றக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருப்புக் காட்டி இளக்குவதை ஹோஸுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் பக்கத்தில் செய்யக் கூடாது. பிரேக் ஆயிலும் தீப்பிடிக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டில் போய்ச் சேரும் லைனாக இருந்து, அங்கே நட்டு அசையவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த யூனிட்டின் மரையைப் பாழாக்கினால், மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவாகும். மேலும் யூனிட் வறண்டு உள்ளே காற்று புகுந்தால், பல மாடல்களில் ஸ்கேன் கருவியை மாட்டி அதன் பம்ப்பை ஓடவிடாமல் காற்று வெளியேறாது.

வறளாமல் வைக்க ஒரு தந்திரம் உண்டு. லைனைத் திறக்கும் முன் பெடலை ஓரிரண்டு அங்குலம் அழுத்தி, ஓட்டுநர் இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல், டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளையைத் தாண்டி நின்றுகொள்ளும். மேலேயுள்ள ஆயில் வடியாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஏர் எடுப்பதும் சோதிப்பதும்

ஆயிலில் தேர்வுக்கு இடமில்லை: வண்டியின் ஆயில் டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து. பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, 4, 5.1 மூன்றும் ஈரத்தை உறிஞ்சும் வகை. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்ட் மேல் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஏர் எடுக்க ஒருவர் மிதிக்க, ஒருவர் ப்ளீடரை (சக்கரத்தருகே காற்றை வெளிவிடும் திருகு) திறந்து மூடும் பழைய முறையே எனக்குப் பிடித்தது. பழைய வண்டியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெடலைத் தரைவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரின் சீல் இதுவரை போகாத, துருவோ அழுக்கோ படிந்த பகுதியில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையைப் போட்டு வழியை மறியுங்கள். தனியாளாக இருந்தால் ப்ளீடரைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்டவிடுவது மெதுவானாலும் நம்பகமானது. வேக்குவம் பம்ப் போட்டு இழுத்தால் ப்ளீடரின் மரை வழியாக வெளிக்காற்றும் வரும், குமிழி நிற்கவே நிற்காது. லைனில் காற்று இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு டப்பா ஆயில் காலியாகும். எந்தச் சக்கரம் முதலில் என்பதைக் கையேட்டில் பாருங்கள். தூரத்திலிருந்து கிட்டே வருவது பொதுவழி, குறுக்காகப் பிரித்த சர்க்யூட்டில் வரிசை மாறும்.

பெடல் உயரமாக, கெட்டியாக நின்ற பிறகு நட்டுகளை உலரத் துடைத்துவிட்டு, ஒருவரைக் கால் முழுக்க அழுத்தி ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நட்டின் அடியிலும் காய்ந்த காகிதத்தை வைத்து ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்றுதான் கை போகும். 4.75 மி.மீ. குழாய்க்கு 15 நியூட்டன்-மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும்; அதிலும் நிற்காத கசிவு ஃப்ளேரின் குறை. மேலும் முறுக்கினால் சீட் நசுங்கும், அவ்வளவுதான். கழற்றி, வெட்டி, மறுபடி போட வேண்டும்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கி, வெளியே எங்கும் ஈரமும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் சீலைச் சந்தேகப்படுங்கள். இரண்டும் சரி என்றால் வண்டியை இறக்கி, சமதளத்தில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை வைத்தபடி ஆள் நடக்கும் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி அடியில் போய் அதே நட்டுகளை ஒற்றிப் பாருங்கள். அப்போதே எதிர்ப்பக்க லைனின் கிளிப்பையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். அதுவும் இதே வயதுதான், சுருளில் குழாயும் மிச்சம் இருக்கும்.